பாங்கொலி எட்டும் தூரம்: வில்லியனூர், பாகூர் மண்ணில் குடியேற்றத்தின் வரலாறு

பெருநகரத்தை விட்டுச் சிற்றூர்ப் பக்கம் வந்து குடியமரும் குடும்பங்கள் நம் சமுதாயத்தில் பெருகி வருகின்றன. சென்னையின் வாடகையும் நாள்தோறும் சாலையில் கழியும் மணிநேரங்களும் பலரைப் புதுச்சேரியின் ஊரகப் பகுதிகளுக்கு அழைத்து வந்திருக்கின்றன. வில்லியனூரிலோ பாகூரிலோ மனை தேடும்போது நாம் முதலில் விலையைக் கேட்கிறோம். பிறகு பத்திரத்தைப் பார்க்கிறோம். அதன் பிறகு தண்ணீரைப் பற்றி விசாரிக்கிறோம். பள்ளிவாசலுக்கும் கடைத்தெருவுக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் நடந்து போக முடியுமா என்ற கேள்வி பெரும்பாலும் பதிவு முடிந்த பிறகே எழுகிறது. நம் முன்னோரோ ஊர் அமைக்கும்போது அந்தக் கேள்வியையே முதலில் வைத்தார்கள்.

மதீனாவும் கூஃபாவும் கற்பித்தவை

ஹிஜ்ரத் என்பதே ஓர் ஊரை விட்டு மற்றோர் ஊரில் வாழ்வை அமைத்துக் கொண்ட வரலாறு. மதீனா வந்து சேர்ந்த நபி (ஸல்) அவர்கள் எழுப்பிய பள்ளிவாசலைச் சுற்றியே புதிய சமூகம் உருவாயிற்று. பனூ ஸலிமா கூட்டத்தாரின் குடியிருப்பு அப்பள்ளியிலிருந்து சற்றுத் தொலைவில் இருந்தது. பள்ளியருகே குடிபெயர அவர்கள் எண்ணியபோது, இருந்த இடத்திலேயே இருக்குமாறும், அவர்களுடைய காலடிகள் ஒவ்வொன்றும் நன்மையாகப் பதிவாகின்றன என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி ஹதீஸ் நூல்களில் இடம்பெற்றுள்ளது. மதீனாவின் ஓரப்பகுதிகள் ஆளில்லாமல் வெறுமையாவதை அவர்கள் விரும்பவில்லை என்றும் புகாரியின் அறிவிப்பு காரணம் கூறுகிறது.

இச்செய்தியில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. ஊரின் விளிம்பில் வாழ்வது குறையாகாது. விளிம்பிலும் மக்கள் வாழ்ந்தால்தான் ஊர் முழுமை பெறும். ஆனால் பனூ ஸலிமாவுக்குத் ‘தொலைவு’ எனப்பட்டதும் நடந்து கடக்கக்கூடிய தொலைவுதான். காலால் கடக்க முடிந்ததனால்தான் அது நன்மையாயிற்று.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், ஹிஜ்ரி 17ஆம் ஆண்டில் கூஃபா நகரம் எழுப்பப்பட்டது. முதலில் பள்ளிவாசலுக்கு இடம் குறித்துவிட்டு, அதன் பின்னரே தெருக்களை அளந்ததாக வரலாற்றாசிரியர் தபரீ எழுதுகிறார். பெருவீதி 40 முழம், அடுத்தது 30, அதற்கடுத்தது 20, சந்து 7 முழம் என்பது அன்றைய அளவு. பாதையின் அகலம் பற்றிப் பிணக்கு எழுந்தால் ஏழு முழம் விடுமாறு கூறும் நபிமொழியும் உண்டு. தெருவில் கிடக்கும் இடையூறு தரும் பொருளை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்றே நம் மார்க்கம் கற்பிக்கிறது. நடப்பவருக்குத் தெருவின்மீது உரிமை உண்டு என்பது இன்றைய நகரத் திட்ட வல்லுநர்கள் கண்டுபிடித்த ஒன்றன்று.

ஆற்காட்டிலிருந்து வந்த அடைக்கலம்

இனி நம் மண்ணுக்கு வருவோம். பெருநகரை விட்டுப் புதுவைக்கு வந்த முஸ்லிம் குடும்பங்களுள் வரலாறு நன்கறிந்த குடும்பம் ஆற்காட்டு நவாபுடையது. 1740இல் இரகோஜி போன்ஸ்லேயின் மராட்டியப் படை கர்நாடகத்துக்குள் புகுந்தது. தாமல்செருவுக் கணவாயில் நடந்த போரில் நவாப் தோஸ்த் அலி கான் உயிரிழந்தார். அவருடைய துணைவியாரும், மருமகன் சந்தா சாஹிபின் குடும்பத்தாரும் புதுச்சேரிக் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தனர். அவர்களை ஒப்படைக்குமாறு மராட்டியர் மிரட்டியபோதும் ஆளுநர் துய்மா இணங்கவில்லை.

அந்த உறவின் தொடர்ச்சியாகவே, 1749ஐ ஒட்டி, சந்தா சாஹிப் நவாபாக உயர்ந்த காலத்தில் வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன. 1752இல் பாகூர் அருகே ஸ்டிரிங்கர் லாரன்ஸின் படை பிரெஞ்சுப் படையை முறியடித்தது. இப்போது நாம் மனை தேடி அலையும் வயல்வெளிகள் அன்று பேரரசுகளின் போர்க்களமாக இருந்தன.

புதுவை நகரமும் நடப்பவருக்காகவே அமைந்தது. 1693இல் நகரைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் நேர்க்கோட்டுத் தெருக்களுக்கு வரைபடம் தீட்டினர்; 1699இல் திரும்ப வந்த பிரெஞ்சுக்காரர் அந்த அமைப்பையே பின்பற்றினர். 1761இல் ஆங்கிலேயர் நகரைத் தரைமட்டமாக்கிய பின்பும் பழைய தெருக்கோடுகளின் மீதே அது மீண்டும் எழுந்தது. நகரின் தென்மேற்குப் பகுதியில் முஸ்லிம்களின் வீதிகள் அமைந்தன. முல்லா வீதியும் காஜியார் வீதியும் குத்பா பள்ளிவாசலும் இன்றும் அதற்குச் சாட்சி. பள்ளிவாசல், கடை, உறவினர் வீடு யாவும் சில தெருக்களுக்குள் அடங்கின. நகரின் வடகோடியிலிருந்து தென்கோடிக்கு அரை மணி நேரத்தில் நடந்துவிடலாம்.

கொம்யூன் ஊர்களின் அமைப்பு

வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சு நகரத்தின் நிழலில் முளைத்தவை அல்ல. அதைவிடப் பல நூற்றாண்டு மூத்தவை. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, 9ஆம் நூற்றாண்டிலேயே அங்கு இயங்கிய கல்வி நிலையத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைத் தெரிவிக்கிறது. ஏரி, அதன் பாசன வயல், வழிபாட்டிடம், கல்விச்சாலை ஆகியவை ஒன்றையொன்று ஒட்டியிருந்த ஊர் அது.

வில்லியனூர், புதுவையிலிருந்து மேற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் சங்கராபரணி ஆற்றங்கரையில் இருக்கிறது. அதை ஒட்டிய சுல்தான்பேட்டை நம் மக்கள் செறிந்து வாழும் பகுதி. வணிகமும் சந்தையும் சார்ந்த குடியிருப்பைப் ‘பேட்டை’ என்பது தமிழ் வழக்கு. பிழைப்பும் வாழ்வும் ஒரே இடத்தில் என்பது அப்பெயருக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. திருக்காமீசுவரர் கோயிலும் லூர்து அன்னை ஆலயமும் பள்ளிவாசலும் உள்ள ஊர் இது. கோயில் தேரைப் பிரெஞ்சு ஆளுநர் வடம்பிடித்துத் தொடங்கிவைத்த வழக்கம் இன்று துணைநிலை ஆளுநரால் தொடர்கிறது. ஒரே கடைத்தெருவில் நடப்பவர்கள் ஒருவரையொருவர் முகம் அறிந்து வாழ்வார்கள். அயலாரின் உரிமையை வலியுறுத்தும் மார்க்கத்தைச் சேர்ந்த நமக்கு இது சிறிய செய்தியன்று.

1879இல் விழுப்புரம் – புதுச்சேரி இருப்புப்பாதை வில்லியனூர் வழியே வந்தது. 1880ஆம் ஆண்டு ஆணைப்படி வில்லியனூரும் பாகூரும் தனித்தனிக் கொம்யூன்களாயின. 1954 நவம்பர் 1இல் பிரெஞ்சு நிர்வாகம் நீங்கிய பின்பும் கொம்யூன் என்ற சொல் நீங்கவில்லை. கொம்யூன் பஞ்சாயத்து என்று இன்றும் வழங்குகிறோம். ஊரார் பொதுவாகக் கூடி வாழும் அமைப்பு என்பதே அதன் பொருள்.

இன்று நம் முன் உள்ள தேர்வு

இத்தனை நூற்றாண்டு வழக்கத்தை ஒரு தலைமுறைக்குள் இழந்துவிடும் நிலை இப்போது தெரிகிறது. நெடுஞ்சாலையை ஒட்டிய வயல்கள் மனைப்பிரிவுகளாகின்றன. வீடு விசாலமாக அமைகிறது. காற்றும் நன்றாக வீசுகிறது. ஆனால் பால் வாங்கவும் வண்டி எடுக்க வேண்டும். வண்டியோட்டத் தெரியாத தாய்மார்களும், கண் மங்கிய பெரியவர்களும், மதரஸாவுக்குப் போகும் சிறுவர்களும் பிறர் தயவை எதிர்பார்த்து வீட்டுக்குள் இருக்கிறார்கள். சென்னையில் நெரிசலுக்கு நடுவிலும் ஐவேளையும் பள்ளிக்கு நடந்து சென்ற முதியவர், இங்கு வந்தபின் ஜும்ஆவுக்கு மட்டும், அதுவும் மகன் ஓய்வாக இருந்தால் மட்டும் செல்கிறார். அமைதியைத் தேடி வந்த குடும்பம் ஜமாஅத்தை இழந்து நிற்பது சிறிய இழப்பன்று.

ஜனாஸாவை எண்ணிப் பார்ப்போம். சந்தூக்கைத் தோளில் சுமந்து, முறை மாற்றிக்கொண்டு, மையவாடி வரை நடந்து செல்வது நம் மரபு. தெருவில் நின்றவரும் சில அடிகள் உடன் வந்து தோள்கொடுப்பார். நடக்க முடியாத தொலைவில் வாழ்ந்தால் அந்தத் தோள்களும் குறைந்துவிடும்.

ஆகவே, ஊர் மாறி வரும் குடும்பங்கள் மனையைப் பார்க்க வண்டியில் சென்றாலும், முடிவெடுக்கும் முன் ஒரு நாள் அங்கிருந்து நடந்து பார்ப்பது நலம். ஃபஜ்ர் நேரத்தில் பள்ளிக்கு நடக்க வேண்டும். தெருவிளக்கு எரிகிறதா என்று அப்போது தெரியும். மழைக்காலத்தில் கடைத்தெருவுக்கு நடக்க வேண்டும். தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று தெரியும். வீட்டுப் பெண்களும் உடன் நடந்து, அந்தப் பாதை தங்களுக்கு ஏற்றதா என்று சொல்லட்டும். பழைய ஊரை ஒட்டிய சிறிய வீடு, தொலைவில் உள்ள பெரிய வீட்டைவிடப் பல குடும்பங்களுக்கு ஏற்றதாக இருக்கும்.

ஏற்கெனவே விளிம்பில் குடியேறிவிட்டவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. பனூ ஸலிமாவின் வரலாறு அவர்களுக்கானது. நான்கு குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கலாம். பெரியவர்களைப் பள்ளிக்கு அழைத்துச் செல்ல முறை வைத்துக்கொள்ளலாம். தெருவிளக்குக்கும் நடைபாதைக்கும் கொம்யூன் பஞ்சாயத்தில் அயலார் அனைவரோடும் சேர்ந்து மனு கொடுக்கலாம். பழைய ஊர்களும் இப்படிச் சிலரின் முயற்சியால்தான் தொடங்கியிருக்கும். காலடிகள் விழுந்து விழுந்துதான் பாதை உண்டாகிறது. நம் காலடிகளும் நன்மையாகப் பதிவாகட்டும், இன்ஷா அல்லாஹ்.