ஊரார் நூலகமும் அரசு நூலகமும்: திருவிதாங்கூர் – சென்னை மாநில நூலக வரலாறு குறித்துச் சில கருத்துகள்

நம் நாட்டில் நூலக வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் அரசரிடமிருந்தோ ஆளுநரிடமிருந்தோ தொடங்குவர். திருவனந்தபுரத்தில் 1829இல் சுவாதித் திருநாள் காலத்தில் பொது நூலகம் தோன்றியது. சென்னையில் 1896இல் கன்னிமாரா நூலகம் திறக்கப்பட்டது. 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. இவ்வாறு செல்லும் வரலாற்றில் பிழை ஏதுமில்லை. எனினும் ஓர் ஊரின் சந்தியில் நான்கு நாளிதழ்களும் இருநூறு புத்தகங்களும் கொண்டு இயங்கிய வாசகசாலைக்கு அதில் இடம் கிடைப்பதில்லை. அத்தகைய நூலகத்திற்கும் ஊராருக்கும் இருந்த பிணைப்பு எவ்வாறு அமைந்தது, எவ்விடத்தில் தளர்ந்தது என்பதைத் திருவிதாங்கூரையும் சென்னை மாநிலத்தையும் அருகருகே வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் சொற்களைக் கருதலாம். தமிழில் வாசகசாலை, படிப்பகம், நூல்நிலையம், நூலகம் எனப் பல சொற்கள் வழங்கி வந்துள்ளன. இவற்றை ஒருபொருட் பன்மொழி எனக் கொள்வது பொருந்தாது. நூல்நிலையம், நூலகம் என்பன பொருளை, அதாவது நூலை, முன்னிறுத்துகின்றன. வாசகசாலை, படிப்பகம் என்பன செயலை முன்னிறுத்துகின்றன. படிப்பகம் என்னும் சொல் திராவிட இயக்கத்தார் ஊர்தோறும் நடத்திய மன்றங்களோடு சேர்ந்து பரவியது. அங்கே ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்பது இயல்பான வழக்கம். எழுத்தறியாதவரும் அதன் பயனாளரே. மலையாளத்திலும் இவ்வாறே வாயனசாலை, கிரந்தசாலை என்னும் இரு சொற்கள் உள்ளன. அரசுச் சட்டங்கள் பெரும்பாலும் நூலை முன்னிறுத்தும் சொல்லையே ஏற்றுக்கொண்டன என்பது தற்செயல் அன்று என்றே தோன்றுகிறது.

ஊராரைப் பங்காளிகளாக்கும் எண்ணம் இந்திய அரசுகளுக்குப் புதிதன்று. பரோடாவில் மூன்றாம் சாயாஜிராவ், 1910இல் அமெரிக்க நூலக அறிஞர் போர்டனை வரவழைத்து ஏற்படுத்திய அமைப்பில், ஊர் மக்கள் ஒரு பங்கு பணம் திரட்டினால் உள்ளாட்சி அமைப்பு ஒரு பங்கும் அரசு ஒரு பங்கும் சேர்க்கும் முறை பின்பற்றப்பட்டது. ஆந்திரப் பகுதியில் 1914இல் விசயவாடாவில் கூடியவர்கள் தாமே ஒரு நூலகச் சங்கத்தை அமைத்துக்கொண்டனர். தமிழகத்தில் 1931இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டது. ஓய்வுபெற்ற பொறியாளர் எஸ். வி. கனகசபை பிள்ளையின் முயற்சியால் எழுந்த அவ்வண்டி சுற்றுவட்டச் சிற்றூர்களுக்கு நூல்களைக் கொண்டு சென்றது. எஸ். ஆர். இரங்கநாதனின் நூலகவியல் ஐந்து விதிகள் நூலாக வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். அந்நூலை அறிந்த நூலகத்துறையினர் பலர். அவ்வண்டியை அறிந்த தமிழாய்வாளர் சிலரே.

திருவிதாங்கூரின் நிலை இவற்றினின்று ஓரளவு வேறுபட்டது. 1945 செப்டம்பர் 14 அன்று அம்பலப்புழையில், மலையாளத் திறனாய்வாளர் பி. கே. நாராயண பிள்ளையின் பெயரால் அமைந்த நினைவு நூலகத்தில் 47 ஊர் நூலகங்களின் சார்பாளர்கள் கூடினர். அக்கூட்டத்தைத் தொடங்கி வைத்தவர் திவான் சர் சி. பி. இராமசாமி ஐயர். கூட்டியவரோ நீலம்பேரூரைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் பி. என். பணிக்கர். இங்குக் கருதத்தக்கது வரிசைமுறை. நூலகங்கள் முன்னரே இருந்தன. சங்கம் பின்னர் வந்தது. சட்டம் அதற்கும் 44 ஆண்டுகள் கழித்து வந்தது. நாயர், ஈழவர் முதலிய சமுதாயங்களின் இயக்கங்களும், ஆசிரியர்களும், இளைஞர் மன்றங்களும் ஏற்கெனவே தோற்றுவித்திருந்த வாசகசாலைகளையே பணிக்கர் ஒரு நூலில் கோத்தார். 47 என்றிருந்த எண்ணிக்கை அவர் காலத்திலேயே ஆறாயிரத்தைக் கடந்தது. 1970இல் சங்கத்தின் வெள்ளிவிழாவை ஒட்டித் தெற்கே பாறசாலையிலிருந்து வடக்கே காசர்கோடு வரை அவர் நடத்திய பண்பாட்டு நடைப்பயணம் எழுத்தறிவைப் பொது இயக்கமாக்கியது. கேரளம் 1991இல் முழு எழுத்தறிவு மாநிலமாக அறிவிக்கப்பட்டதற்கு இத்தளமே துணைநின்றது என்பதில் ஐயமில்லை.

இவ்வமைப்பைக் குறையற்றதாகக் காட்டுவது வரலாறாகாது. 1977இல் சங்கத்தின் ஆட்சிப் பொறுப்பை அரசு ஏற்றுக்கொண்டது. 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நூலக மன்றம் அமைந்த பின்னரே தேர்தல் முறை மீண்டது. அத்தேர்தல்களிலும் கட்சி அரசியல் புகுந்தது. நூலகருக்குக் கிடைப்பது ஊதியமன்று, சிறு மதிப்பூதியம். மானியத்திற்காகவே கதவு திறக்கும் நூலகங்களும் உண்டு. இருப்பினும் சங்கக் காலத்தின் கருவான கூறு ஒன்று அச்சட்டத்தில் அழியாமல் நின்றது. ஊர் நூலகம் ஊராரின் உடைமையாகவே தொடர்ந்தது; செயற்குழுவை உறுப்பினர்களே தேர்ந்தனர்; நூலையும் அவர்களே வாங்கினர். வட்டம், மாவட்டம், மாநிலம் என்னும் மூன்று படிகளும் கீழிருந்து மேலாகக் கட்டப்பட்டன. கட்டட வரியின் மீது 5 விழுக்காடு நூலக வரியும், மாநிலக் கல்வி ஒதுக்கீட்டில் 1 விழுக்காட்டிற்குக் குறையாத தொகையும் அவற்றுக்கு ஆதாரமாயின.

சென்னை மாநிலத்தில் நேர்மாறான வழி பின்பற்றப்பட்டது. இரங்கநாதன் 1930இல் காசியில் முன்வைத்த மாதிரிச் சட்டமும், 1933இல் பஷீர் அகமது சையது சட்டமன்றத்தில் கொணர்ந்து நிறைவேறாது போன மசோதாவும் அடித்தளமிட, கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் காலத்தில் 1948இல் சட்டம் பிறந்தது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுவே. சொத்து வரியில் ரூபாய்க்கு 6 பைகள் என நூலக வரி விதிக்கப்பட்டது. அது பின்னர் 10 காசாக உயர்ந்தது. இச்சட்டத்தின் பெருமையைக் குறைத்து மதிப்பிட இயலாது. நிலையான நிதியும், ஊதியம் பெறும் நூலகரும், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம் எனக் கிளைத்த அமைப்பும் இதனால் கிடைத்தன. தமிழ்ப் பதிப்புத் தொழில் நூலக ஆணையை நம்பியே பல பத்தாண்டுகள் முதற்பதிப்பின் படிகளைத் திட்டமிட்டது.

ஆயினும் இச்சட்டத்தின் மிகக் கீழான அதிகாரப் படி மாவட்டமாகும். அங்கே நூலக ஆணைக்குழு உண்டு. ஊரில் சட்டம் வகுத்த குழு ஏதுமில்லை. வரி செலுத்துபவர் ஊரார். நூல் தெரிவு நிகழ்ந்தது தலைநகரில். ஒரே நூற்பட்டியல் கடற்கரைச் சிற்றூருக்கும் மலையடிவார ஊருக்கும் சென்றது. தன் ஊரைப் பற்றிய தலவரலாறு, உள்ளூர்ப் புலவரின் சிறுநூல், கோயில் திருவிழாவுக்கு அச்சிட்ட பதிகம் ஆகியன அப்பட்டியலில் எளிதில் இடம்பெறவில்லை. வாசகர் வட்டம், புரவலர் திட்டம் முதலியன பின்னர் வந்து இவ்விடைவெளியை ஓரளவு நிரப்பின. எனினும் அவை நூலகத்துக்கு உதவும் அமைப்புகளே. ஆளும் அமைப்புகள் அல்ல. 2024இல் நூல் கொள்முதலுக்குப் புதிய கொள்கை வகுக்கப்பட்டது. அதன் விளைவை மதிப்பிடச் சில ஆண்டுகள் செல்லவேண்டும்.

இவ்விரு வழிகளும் ஒரே நிலத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த பகுதி தெற்கெல்லையாகும். அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சி அரசின்கீழ் இருந்தன. அம்பலப்புழைக் கூட்டம் நடந்தபோது நாஞ்சில் நாட்டுத் தமிழர் அதே திவானின் ஆட்சிக்கு உட்பட்டவர்கள். சங்கம் வளர்ந்த முதற் பத்தாண்டும் அவர்களுக்குப் பொதுவானது. அதன்பின் சென்னை மாநிலத்தின் சட்ட எல்லைக்குள் அவர்கள் வந்தனர். மொழிவழி மாநில அமைப்பின் வரலாற்றைப் போராட்டங்கள் வாயிலாக நாம் விரிவாக எழுதியுள்ளோம். வாசிப்பின் ஆட்சிமுறை எல்லைக்கோட்டோடு மாறியதை நம் ஆய்வுகள் பெரிதும் பேசவில்லை.

இதனைப் பேசச் சான்றுகள் எங்குள்ளன என்பது அடுத்த வினா. தமிழாய்வாளர் நூலகத்திற்குச் செல்வது அங்குள்ள நூலைத் தேடியே. நூலகத்தின் சொந்த ஏடுகளை அவர் கேட்பதில்லை. நூல் சேர்க்கைப் பதிவேடு, எந்த நூல் எந்த ஆண்டில் யார் கொடையாக ஊருக்கு வந்தது என்று காட்டும். வழங்கல் பதிவேடு, எந்தப் புதினம் எத்தனை கைகளில் சுற்றியது என்று காட்டும். கூட்ட நடவடிக்கைக் குறிப்பேடு, எந்த இதழை நிறுத்துவது, எதை வாங்குவது என்னும் வழக்குகளைப் பதிந்து வைத்திருக்கும். இளைஞர்கள் நடத்திய கையெழுத்து இதழ்களும், வார இதழ்த் தொடர்கதைகளைக் கிழித்துத் தைத்த கட்டுகளும் உடன் கிடைக்கும். தமிழ் இலக்கிய வரலாறு ஆசிரியரின் வரலாறாகவே இதுவரை எழுதப்பட்டு வந்துள்ளது. வாசகரின் வரலாற்றுக்கு இவற்றைவிட நேரடியான ஆவணம் வேறில்லை எனலாம்.

கோட்டையூரில் ரோஜா முத்தையா தனியொருவராகத் திரட்டிய தொகுப்பு, அவர் 1992இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் காக்கப்பட்டு, 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாகியது. பதிவேடுகளுக்கு அத்தகைய காப்பாளர் வாய்க்கவில்லை. சிதைந்த நூல்களை நீக்கும்போதும் கட்டடம் மாறும்போதும் முதலில் எடைக்குப் போவன அவையே. மேற்குக்கரை மழையில் தாள் நெடுநாள் தாங்குவதுமில்லை.

ஆதலால் துறைகளின் முனைவர் பட்ட ஆய்வுத் தலைப்புகளில் ஊர் நூலக ஏடுகளைப் பட்டியலிடும் களப்பணியும் இடம்பெறுதல் வேண்டும். தொடங்குவதற்கு உகந்த இடம் பாறசாலையும் அதனை அடுத்த களியக்காவிளையும் ஆகும். இன்று அவற்றுக்கிடையே மாநில எல்லை செல்கிறது. 1956க்கு முன் தொடங்கப்பட்ட நூலகங்களை இருபுறமும் தேடி, அவற்றின் சேர்க்கைப் பதிவேடுகளில் 1945 முதல் 1965 வரையுள்ள பக்கங்களை மட்டும் ஒளிநகல் எடுத்து ஒப்பிடலாம். மலையாளம், தமிழ் இரண்டையும் படிக்கத் தெரிந்த இரு மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் இதனைத் தொடங்கிவிடலாம்.