ஆபுத்திரன் காட்டிய வழி

விலங்குக்கு அறிவு உண்டா? அதன் துன்பம் மனிதனுக்கு ஒரு பொருட்டாகுமா? ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மெய்யறிஞர்கள் ஆராய்ந்துவரும் வினாக்கள் இவை. விலங்கினும் கீழாக நடத்தப்பட்ட மக்களின் வழிவந்த நமக்கு இவ்வினாக்கள் அயலானவை அல்ல.

தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவால் வகுத்தது. புல்லும் மரமும் ஓரறிவு, எறும்பு மூவறிவு, நண்டும் தும்பியும் நான்கறிவு, விலங்கு ஐயறிவு, மக்கள் ஆறறிவு. மனிதனையும் விலங்கையும் ஒரே வரிசையில் நிறுத்திய அரிய சிந்தனை இது. ஆயினும் அதே இயலில் மக்களைப் பிறப்பால் வகுக்கும் நூற்பாக்களும் உள்ளன. அவை இடைச்செருகல் என்பர் அறிஞர் சிலர்.

இம்முரணை வெளிப்படுத்திக் காட்டியது பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலை. பெற்றவளால் கைவிடப்பட்ட குழந்தையைப் பசுவொன்று ஏழு நாள் பாலூட்டிக் காத்தது. அந்தணர் ஒருவரிடம் வளர்ந்து வேதம் கற்ற அவனே ஆபுத்திரன். வேள்விக்கெனக் கட்டப்பட்டிருந்த பசுவை அவன் இரவில் மீட்டுச் சென்றான். பிடித்து அடித்தனர். பிறந்த நாள் முதல் பால் தரும் உயிரிடம் உங்களுக்கு என்ன பகை என்று அவன் கேட்டான். விடைகூற இயலாதவர்கள் அவன் பிறப்பை ஆராய்ந்தனர், புலைமகன் என்றனர், தீண்டலாகாது என்று விலக்கினர். பிச்சை கேட்ட பாத்திரத்தில் கல்லை இட்டனர். பசுவுக்கு இரங்கியவனே தீண்டத்தகாதவன் ஆனான்! அவனோ மதுரை சென்று, இரந்து பெற்ற உணவைக் குருடர்க்கும் முடவர்க்கும் ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டான். பின்னர் அவன் அமுதசுரபி பெற்றபோது மக்களோடு விலங்கும் பறவையும் அவனைச் சூழ்ந்தன.

ஐரோப்பாவில் டேக்கார்ட் என்னும் தத்துவஞானி 1637இல் வெளியிட்ட நூலில் விலங்கை உணர்வற்ற பொறிக்கு ஒப்பிட்டார். 1789இல் பெந்தாம் இதனை மறுத்தார். விலங்கு சிந்திக்குமா, பேசுமா என்பதல்ல வினா, துன்புறுமா என்பதே வினா என்பது அவர் கருத்து. அவ்விடத்திலேயே கறுப்பு அடிமைகளின் துயரையும் அவர் நினைவூட்டினார். ஒருவரை உணர்வற்றவர் என்று முடிவுகட்டினால் அவரைத் துன்புறுத்துவது எளிதாகிவிடும் அன்றோ?

எல்லா உயிர்க்கும் இரங்கிய வள்ளலார் 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலை நிறுவி, சாதி பாராது பசியாற்றினார். ஆனால் 1927இல்கூட மகாத் நகரின் சவுதார் குளத்தில் கால்நடைகள் நீர் அருந்தலாம், நம்மவர் அருந்தலாகாது. அவ்வாண்டு மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் அக்குளத்து நீரை அள்ளிப் பருகினார். விலங்குக்கு இரங்குவதாகச் சொல்லி மனிதனை விலக்குவது அறமாகாது என்பதை அச்செயல் உலகிற்கு உணர்த்தியது.

சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியில் வந்து தங்கும் பறவைகள் அஞ்சுமென்று, சுற்றியுள்ள ஊரார் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பட்டாசுத் தொழிலால் உண்ணும் நாமும் அதனைப் போற்றுவோம். அதே வேளையில், 2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதையும் மறவாதிருப்போம். பறவையின் அச்சத்தை எண்ணும் நெஞ்சம், மருந்து அறையில் அமர்ந்திருக்கும் தொழிலாளியின் உயிரையும் எண்ண வேண்டும்.

இளைஞர்களே! நம் வீட்டு உணவைக் காட்டி நம்மை எவரும் தாழ்த்த இடங்கொடாதீர். அதே வேளை வாயில்லா உயிரிடம் கொடுமையும் செய்யாதீர். இழிவின் வலியை அறிந்தவர்க்கே பிற உயிரின் வலி விரைவில் விளங்கும். கல்வி தரும் ஆறாவது அறிவுக்கு அதுவே அடையாளம்.