மானைத் தொடர்ந்து சாலைக்கு வந்தவர்கள்

2010 மே 20. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், வெஸ்ட் மெம்பிஸ் நகரையொட்டி ஓடும் இன்டர்ஸ்டேட் 40 நெடுஞ்சாலையில் ஒரு வெள்ளை மினிவேனைப் போலீஸார் மறித்தார்கள். வேனில் இருந்தவர்கள் தந்தையும் மகனும். விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே துப்பாக்கி வெடித்தது. இரண்டு போலீஸார் இறந்தார்கள். அதன்பின் ஒரு வால்மார்ட் கடையின் வாகன நிறுத்துமிடத்தில் அதே வேன் சிக்கியது. அங்கும் துப்பாக்கிச் சண்டை. மாவட்ட ஷெரிஃபும் அவருடைய துணை அதிகாரியும் காயம்பட்டார்கள். அந்த நேரத்தில் ஒரு பிக்கப் டிரக் வேகமாக வந்து வேனின் மீது மோதி அதை நகரவிடாமல் செய்தது. டிரக்கை ஓட்டிவந்தவர் தன் முன்பக்கக் கண்ணாடி வழியாகவே துப்பாக்கியால் சுட்டார். தந்தையும் மகனும் அங்கேயே வீழ்ந்தார்கள்.

அந்த டிரக்கில் இருந்த மைக்கேல் நீல், போலீஸ்காரர் அல்ல. ஆர்கன்சா வேட்டை மற்றும் மீன்வள ஆணையத்தின் அலுவலர். வாத்து சுட வந்தவரிடம் உரிமம் இருக்கிறதா, பிடித்த மீன் சட்டம் சொல்லும் அளவுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்ப்பது அவருடைய அன்றாட வேலை.

கேம் வார்டன் என்று பொதுவாக அழைக்கப்படும் இந்த அலுவலரை நம் ஊர் வனக் காவலரோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மரமோ நிலமோ முதன்மையாக இவர் பொறுப்பில் இல்லை. சட்டப்படி வேட்டையாடலாம் என்று அரசே அனுமதித்த விலங்கும் பறவையும் மீனும்தான் இவர் கணக்கு. அப்படிப்பட்டவர் இன்று பல அமெரிக்க மாநிலங்களில் குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவரை மறிக்கலாம், பின்விளக்கு எரியாத காரை ஓரங்கட்டச் சொல்லலாம், கைவிலங்கு போடலாம். இந்த அதிகாரத்தை அவருக்கு யாரும் ஒரே நாளில் தூக்கிக் கொடுக்கவில்லை. வேட்டைப் பொருள் எந்த வாகனத்தில் ஏறியதோ, அதைப் பின்தொடர்ந்து சட்டமும் ஏறியது. முதலில் ரயில், பிறகு கார்.

வேலையின் வேர் குடியேற்றக் காலத்தில் இருக்கிறது. 1739-இல் மாசசூசெட்ஸ் காலனி மான்களைக் காக்க ஊர்தோறும் ஆள் நியமிக்க வழிசெய்தது. மெய்ன் மாநிலம் 1852-இல் மூஸ் மான் வார்டன்களை ஏற்படுத்தி, 1880-இல் அதை முறையான சேவையாக்கியது. கலிஃபோர்னியா 1871-இல் இரண்டே பேரை வைத்துத் தொடங்கியது: ஒருவர் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவுக்கு, மற்றவர் தாஹோ ஏரிப் பகுதிக்கு. இந்தத் தொடக்ககால வார்டன்களில் பலருக்கு நிலையான சம்பளம் கிடையாது. வசூலாகும் அபராதத்தில் ஒரு பங்குதான் கூலி. அக்கம்பக்கத்து ஆளைப் பிடித்துக் கொடுத்துப் பிழைக்கும் மனிதரை ஊர் எப்படிப் பார்த்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மாநிலம் முழுமைக்கும் சம்பளம் வாங்கும் வார்டனை முதலில் வைத்தது மிச்சிகன், 1887-இல். வில்லியம் ஆல்டன் ஸ்மித் என்ற இளம் வழக்கறிஞருக்கு அந்தப் பதவி கிடைத்தது. 1912-இல் டைட்டானிக் மூழ்கியதும் அமெரிக்க செனட் நடத்திய விசாரணைக்குத் தலைமை தாங்கிய அதே ஸ்மித்தான் இவர். மிச்சிகனுக்கு அப்படியொரு ஆள் தேவைப்பட்டதற்குக் காரணம் இருந்தது. 1878-இல் அங்கே பெடோஸ்கி என்ற ஊரருகே கூடு கட்டியிருந்த பயணிப் புறாக்களைச் சந்தை வேட்டைக்காரர்கள் கூட்டங்கூட்டமாகக் கொன்று, பீப்பாய்களில் அடைத்து, ரயிலேற்றிப் பெருநகரங்களுக்கு அனுப்பினார்கள். ரயில் வந்த பிறகு ஒரு காட்டின் பறவைகள் நூற்றுக்கணக்கான மைல் தள்ளியிருக்கும் ஓட்டல் தட்டுக்குப் போயின. காட்டில் காவல் இருந்தால் மட்டும் போதாது, சரக்கு போகும் பாதையிலும் ஆள் வேண்டும் என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

சட்டமும் அந்தத் திசையில் நகர்ந்தது. கனெக்டிகட் மாநிலத்தில் சுட்ட பறவைகளை வெளிமாநிலத்துக்குக் கொண்டுபோக விதித்த தடை செல்லும் என்று 1896-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காட்டு விலங்கு எந்தத் தனிமனிதருக்கும் சொந்தமல்ல, மாநிலத்து மக்கள் அனைவருக்கும் பொதுச்சொத்து என்பது தீர்ப்பின் அடிப்படை. தடை ஏற்கத்தக்கதல்ல என்று 1979-இல் அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றிக்கொண்டது. ஆனால் இடைப்பட்ட எண்பத்து மூன்று ஆண்டுகளில், பொதுச்சொத்தை எடுத்துச்செல்பவரின் மூட்டையைப் பிரித்துப் பார்க்க வார்டனுக்கு உரிமை உண்டு என்ற எண்ணம் ஊறிப்போய்விட்டது. 1900-இல் வந்த லேசி சட்டம், முறைகேடாகக் கொன்ற விலங்கை மாநில எல்லை கடத்துவதையே மத்தியக் குற்றமாக்கியது.

அந்தக் காலத்து வார்டனின் கையில் அதிகாரம் குறைவு, ஆபத்து அதிகம். புளோரிடாவின் தென்கோடியில் கொக்கு இறகுக் கொள்ளையரைத் தடுத்துவந்த கை பிராட்லி, 1905 ஜூலை 8 அன்று படகில் போய் ஒருவரைக் கைது செய்ய முயன்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய சம்பளத்தைக் கொடுத்தது அரசல்ல, ஆடுபான் பறவைக் காப்பாளர் சங்கம். சுட்டவர் மீது வழக்கே நிற்கவில்லை.

பிறகு கார் வந்தது. 1908-இல் ஹென்றி ஃபோர்டின் மாடல் டி வெளியானதும் வேட்டையின் நிலவியலே மாறிப்போனது. மான் தேடி நடக்க வேண்டிய தேவை இல்லை. இரவில் சாலையோரப் புல்வெளியை நோக்கி முகப்பு விளக்கைத் திருப்பினால் மானின் கண்கள் பளிச்சிடும். ஒளியில் திகைத்து அது நகராமல் நிற்கும். சன்னல் வழியாகச் சுட்டு, பின்னால் தூக்கிப் போட்டுக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடலாம். பெரும்பாலான மாநிலங்கள் பொதுச்சாலையிலிருந்து சுடுவதையும், குண்டு நிரப்பிய நீள்துப்பாக்கியைக் காரில் வைத்திருப்பதையும், விளக்கடித்து வேட்டையாடுவதையும் தடை செய்தன. இவை மூன்றும் வேட்டைச் சட்டங்கள். ஆனால் மூன்றையும் நடைமுறைப்படுத்த ஓடும் வண்டியை நிறுத்தியாக வேண்டும்.

ஓரிகன் மாநிலம் இந்தச் சிக்கலை 1931-இலேயே நேரடியாகத் தீர்த்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 1-இல் செயல்படத் தொடங்கிய மாநிலப் போலீஸ், போக்குவரத்துக் காவலையும் வேட்டை, மீன்வளச் சட்டக் காவலையும் ஒரே அமைப்பில் சேர்த்தது. இன்றும் அங்கே மீன் பிடிப்பவரின் உரிமத்தைக் கேட்பவர் மாநிலப் போலீஸின் ஒரு பிரிவைச் சேர்ந்தவர். அலாஸ்காவும் பின்னாளில் இதே வழிக்கு வந்தது. மற்ற மாநிலங்கள் பெரும்பாலும் வார்டனைத் தனித் துறையில் வைத்துக்கொண்டு, அவருடைய அதிகாரத்தை மட்டும் கொஞ்சங்கொஞ்சமாக நீட்டின. பனிவண்டி, விசைப்படகு, நாற்சக்கர மலைவண்டி என்று பொழுதுபோக்கு வாகனங்கள் பெருகப் பெருக, காட்டுப்பாதையின் போக்குவரத்துப் போலீஸாகவும் அவரே ஆனார். நீரில் குடித்துவிட்டுப் படகோட்டுபவரைப் பிடிக்கலாம், கரையேறி அதே ஆள் காரை எடுத்தால் பிடிக்கக் கூடாதா என்ற கேள்விக்குச் சட்டமன்றங்களிடம் நல்ல மறுப்பு இல்லை.

டெக்சஸ் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. 1919-இல் அந்தப் பரந்த மாநிலத்துக்கு இருந்த வார்டன்கள் ஆறு பேர். 1971-இல் அவர்களுக்கு முழுமையான காவல் அதிகாரம் கிடைத்தது. மாநிலத்தின் எந்த மூலையிலும், எந்தக் குற்றத்துக்கும். இன்று 500-க்கும் மேற்பட்டவர்கள் 254 கவுண்டிகளில் பரவியிருக்கிறார்கள். மேற்கு டெக்சஸின் சில கவுண்டிகளில் நள்ளிரவு தாண்டினால் ரோந்தில் இருப்பது ஒன்றிரண்டு சீருடையாளர்கள்தான். விபத்தோ வீட்டுச் சண்டையோ, முதலில் போய்ச் சேருபவர் வார்டனாக இருக்க வாய்ப்பு அதிகம். கிராமப்புற அமெரிக்காவில் இந்த அதிகாரத்துக்கான மிக வலுவான வாதம் இதுதான். நகரத்திலிருந்து எழுதுபவர்கள் இதைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

வார்டன் வண்டியை நிறுத்துவது எப்படி நடக்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தால் விஷயம் விளங்கும். பதப்படுத்திய மான் தோலைப் போர்த்திய பொம்மை மான் ஒன்றைச் சாலையோரம் நிறுத்துகிறார்கள். உள்ளே சிறு மோட்டார். ரிமோட்டை அழுத்தினால் தலை திரும்பும், வால் ஆடும். புதரில் இரண்டு பேர், சற்றுத் தள்ளி வளைவுக்கு அப்பால் விளக்கணைத்த டிரக்கில் இன்னொருவர். ஒரு பிக்கப் மெதுவாகிறது, நிற்கிறது, சன்னல் கண்ணாடி இறங்குகிறது. வெடிச்சத்தம் கேட்டதும் ரேடியோவில் தகவல் போகிறது. வளைவில் இருக்கும் டிரக் விளக்கைச் சுழலவிட்டுச் சாலையை அடைக்கிறது. இந்த நொடியில் வார்டன் செய்வது நெடுஞ்சாலைப் போலீஸ் செய்யும் அதே வேலை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: தான் நெருங்கும் வண்டியில் துப்பாக்கி இருப்பது இவருக்கு ஏறக்குறைய உறுதியாகத் தெரியும்.

2010 நவம்பர் 11 இரவு, பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க் அருகே டேவிட் குரோவ் என்ற 31 வயது அலுவலர் இரவு வேட்டைக்காரர் என்று சந்தேகித்து ஒரு வண்டியை நிறுத்தினார். கைவிலங்கு மாட்டும்போது சுடப்பட்டு இறந்தார். அந்த மாநிலத்தில் 1915-க்குப் பிறகு பணியில் சுட்டுக் கொல்லப்பட்ட முதல் வேட்டைத்துறை அலுவலர் அவர். 2017 ஜனவரியில் லூசியானாவில் ஒரு வனவிலங்கு அலுவலர் பலமுறை சுடப்பட்டு உயிர் பிழைத்தார். அவர் அன்று வண்டியை மறித்தது மானுக்காக அல்ல. ஓட்டுநர் குடித்திருக்கிறார் என்ற சந்தேகத்தில்.

நீதிமன்றங்களுக்கு இந்த இரட்டை வேடம் நீண்ட காலமாகவே தலைவலி. டெலவேரில் ஒரு போலீஸ்காரர் எந்தச் சந்தேகமும் இல்லாமல், உரிமம் பார்க்க மட்டும் ஒரு காரை நிறுத்தினார், கஞ்சா சிக்கியது. அப்படி நினைத்தபோது நிறுத்துவது அரசமைப்புக்கு எதிரானது என்று 1979-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்போடு நீதிபதி பிளாக்மன் ஒரு தனிக்குறிப்பு எழுதினார், நீதிபதி பவல் அதில் சேர்ந்துகொண்டார். வார்டன்கள் தங்கள் பணியில் செய்யும் சோதனைகள் இயல்பிலேயே முன்கூட்டித் திட்டமிட முடியாதவை, இந்தத் தீர்ப்பின் நிழல் அவர்கள்மீது விழக் கூடாது என்பது குறிப்பின் சாரம். போலீஸ்காரருக்கு மூடிய கதவில் வார்டனுக்கு ஒரு சிறு திறப்பு.

அந்தத் திறப்பு எவ்வளவு அகலம் என்பதைக் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2011-இல் அளந்தது. சான் டியேகோவில் ஓஷன் பீச் கடற்பாலத்தில் ஒருவர் தூண்டிலில் எதையோ பிடித்துக் கறுப்புப் பையில் போடுவதை ஒரு வார்டன் தொலைவிலிருந்து தொலைநோக்கியில் பார்த்தார். பிடித்தது என்னவென்று தெரியவில்லை. குற்றம் என்று சொல்லவும் வழியில்லை. அந்த ஆள் காரில் கிளம்பியதும் சில தெருக்கள் தள்ளி நிறுத்தினார். ஒன்றுமில்லை என்றார் ஓட்டுநர். பையில் பிடிக்கக் கூடாத பருவத்தில் பிடித்த சிங்கி இறால் இருந்தது. மீன் பிடித்துவிட்டுப் போகிறவர் என்று தெரிந்தால், குற்றச் சந்தேகம் இல்லாமலே அருகிலேயே நிறுத்திப் பார்க்கலாம் என்று நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது.

இதை அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பு ஒன்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும். போக்குவரத்து விதிமீறல் உண்மையாக இருந்தால், அதிகாரியின் உள்நோக்கம் என்ன என்று பார்க்கத் தேவையில்லை என்பது அது. ஆக, பிக்கப்பின் பின்புறத்தில் மான் இருக்கிறதா என்று பார்க்க விரும்பும் வார்டனுக்கு ஒரு எரியாத பின்விளக்கு போதும். விதிமீறலே இல்லாத இடத்தில் மீன் கூடை போதும். இரண்டு அதிகாரங்களும் தனித்தனியே நியாயமானவை. இரண்டும் ஒரே ஆள் கையில் இருப்பதுதான் இடறல், அதைச் சட்டமன்றங்கள் உட்கார்ந்து யோசித்துக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

பணத்தின் கதை வேறு. 1937-இன் பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கி, தோட்டா மீதான வரியை மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்குத் திருப்பிவிட்டது. பதிலுக்கு ஒரு நிபந்தனை: வேட்டை உரிமக் கட்டணத்தை மாநிலம் வேறு எதற்கும் எடுக்கக் கூடாது. அந்த மத்திய நிதியைச் சட்டக் காவலுக்குச் செலவிடவும் முடியாது. அதனால் பல மாநிலங்களில் வார்டனின் சம்பளத்தில் பெரும்பகுதி உரிமம் வாங்கும் வேட்டைக்காரர், மீன்பிடிப்பவர் பையிலிருந்து வருகிறது. வார்டன் வேகக் கட்டுப்பாட்டு வேலையில் செலவிடும் ஒவ்வொரு மணி நேரமும் தாங்கள் கொடுத்த காசு என்று அவர்கள் முணுமுணுப்பதில் நியாயம் உண்டு. மிசூரி மக்கள் 1976-இல் வாக்களித்து, விற்பனை வரியில் ஒரு சதவீதத்தின் எட்டில் ஒரு பங்கை இயற்கைப் பாதுகாப்புக்கு ஒதுக்கினார்கள். அங்கே சோப்பு வாங்குபவரும் அலுவலரின் சம்பளத்தில் பங்காளி. முணுமுணுப்புக்கு அங்கே இடம் குறைவு.

இப்போது வார்டனைச் சாலைக்கு இழுப்பது மானைவிடச் சிறிய உயிர். ஐரோப்பியச் சிப்பி வகைகள் 1988-இல் அமெரிக்கப் பேரேரிப் பகுதியில் தென்பட்டன. 2007 ஜனவரியில் நெவாடாவின் மீட் ஏரியைத் தொட்டுவிட்டன. தண்ணீர்க் குழாய்களை அடைத்து, ஏரியின் உணவுச் சங்கிலியைக் குலைக்கும் இவை, டிரெய்லரில் இழுத்துச் செல்லும் படகுகளில் ஒட்டிக்கொண்டு ஊர் மாறுகின்றன. மேற்கு மாநிலங்கள் சாலையோரத்தில் படகுச் சோதனை நிலையங்களை அமைத்தன. மாண்டானாவில் 2016 இறுதியில் டைபர் நீர்த்தேக்கத்தில் சிப்பியின் நுண்குஞ்சுகள் கண்டறியப்பட்டதும் கெடுபிடி கூடியது. நிலையத்தைத் தாண்டி நிற்காமல் போகும் படகு வண்டியைத் துரத்திப் பிடிக்கும் வேலையும் வார்டன்களிடம் வந்து சேர்ந்தது. அங்கும் மினசோட்டாவிலும் படகின் அடியில் தண்ணீர் வடியும் துளைக்கான அடைப்பைக் கழற்றாமல் அதைச் சாலையில் இழுத்துப் போவதே அபராதத்துக்குரிய குற்றம்.