பழகிய சரிவு

பனிச்சரிவு என்றால் சினிமாவில் மேலே எங்கோ இடிச் சத்தம் கேட்கும், கீழே ஆட்கள் ஓடுவார்கள். மலையில் பனிச்சறுக்குக்குப் போய்ச் செத்தவர்களின் கதை பெரும்பாலும் அப்படி இல்லை. சரிவைக் கிளப்பியதே அவர்கள்தான், இல்லையென்றால் கூட வந்தவர்கள்.

எப்படி? குளிர்காலத் தொடக்கத்தில் விழும் மெல்லிய பனி, கீழே தரையின் சூட்டுக்கும் மேலே கடுங்குளிருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு சர்க்கரை மாதிரி ஒன்றோடொன்று ஒட்டாத படிகங்களாகிவிடும். அதன் மேல் புயல் கொட்டும் பனி இறுகிப் பலகையாகும். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த மலையில், சர்க்கரை மேல் ஒரு பலகை. ஒரு ஆளின் எடை போதும்.

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து ஆல்டா, 1870களில் வெள்ளிச் சுரங்க ஊர். பனிச்சரிவு அங்கே பலமுறை ஆட்களை வாரிக்கொண்டு போனது. பின்னால் அது பனிச்சறுக்கு மையமானது. இரண்டாம் உலகப்போரில் காயப்பட்டுத் திரும்பிய மான்டி அட்வாட்டர் 1945இல் அங்கே வேலைக்கு வந்தார். பனியை அளந்தார், குறிப்பெடுத்தார், ஆபத்தான சரிவுகளை வெடிவைத்து முன்கூட்டியே இறக்கினார். சுவிட்சர்லாந்தில் டாவோஸுக்கு மேலே அதற்கு முன்பே பனி ஆராய்ச்சி தொடங்கியிருந்தது. எல்லோரும் பார்த்தது பனியை.

மையத்தின் எல்லையைத் தாண்டி மலைக்குள் போகிறவர்களுக்கு வெடிவைக்க யார் இருக்கிறார்கள்? அவர்களுக்காக 1968இல் ஜான் லாட்டன் ஒரு கருவி செய்தார். பெயர் ஸ்காடி, நார்ஸ் புராணத்தின் குளிர்கால தேவதை. 2.275 கிலோஹெர்ட்ஸ், அதாவது மனிதக் காதுக்கே எட்டும் அலைவரிசை. வந்ததைப் பெருக்கிக் காதில் போட்டால் போதும், வேறு மாற்றமே வேண்டாம். (எனக்கு இந்த மாதிரி சோம்பேறித்தனமான வடிவமைப்பு ரொம்பப் பிடிக்கும்.) இன்றைய கருவிகள் 457 கிலோஹெர்ட்ஸில் ஓடுகின்றன.

1994இல் வந்த ஓர் ஆய்வு, புதைந்தவர்கள் பிழைக்கும் வாய்ப்பைக் கோடாக வரைந்தது. 15 நிமிடத்தில் சுமார் 92 சதவீதம். 35 நிமிடத்தில் சுமார் 30. ஹெலிகாப்டர் அதற்குள் வராது. தோண்டவேண்டியது கூட வந்தவர்தான். அதனால் கருவியோடு குத்திப் பார்க்கும் நீளக் கம்பியும் மண்வெட்டியும் எல்லார் பையிலும் இருக்கவேண்டும். சிக்னல் பிடிப்பது சீக்கிரம் முடிந்துவிடும், நேரத்தைத் தின்பது தோண்டுதல்.

பனியைப் பற்றி இவ்வளவு தெரிந்தும், பயிற்சி பெற்றவர்கள் ஏன் சாகிறார்கள்? இதைக் கேட்டவர் இயன் மெக்கேமன். என்ஜினியர். பனிச்சரிவில் நண்பரைப் பறிகொடுத்தவர். 1972 முதல் 2003 வரை அமெரிக்காவில் நடந்த 715 விபத்துகளை எடுத்து, பனிக்குப் பதிலாக மனிதர்களைப் பார்த்தார். அபாய அறிகுறிகள் பல விபத்துகளில் கண்ணெதிரே இருந்திருக்கின்றன. இன்னொரு குழு முந்திக்கொள்ளும் என்ற அவசரம், குழுவின் அனுபவசாலி சொன்னால் சரியாயிருக்கும் என்ற நம்பிக்கை, இவை போதுமானதாக இருந்திருக்கின்றன.

எனக்கு உறுத்தியது இன்னொன்று. பழக்கமில்லாத இடத்தில் பயிற்சி பெற்றவர்கள் ஜாக்கிரதையாக இருந்திருக்கிறார்கள். பழகிய சரிவிலோ, பயிற்சியே இல்லாதவர்கள் அளவுக்கு ஆபத்தை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். பத்து வாரம் பிரச்சினையில்லாமல் ஓடிய ஸ்கிரிப்டை, பதினோராவது வாரம் படித்துக்கூடப் பார்க்காமல் ஓட்டியவன் நான். போனது ஒரு டேட்டாபேஸ், பேக்கப் இருந்தது. சரிவு அப்படித் திருத்துவதில்லை. நேற்றுச் சரியாமல் இருந்தது உன் கணிப்பாலா, சும்மா அதிர்ஷ்டத்தாலா என்று அது சொல்லவே சொல்லாது. இரண்டுக்கும் ஒரே சந்தோஷம்தான் கிடைக்கும்.

அதனால் இன்றைய பயிற்சிகளில் பேச்சுக்கும் இடம் உண்டு. காலையில் முன்னறிவிப்பை எல்லாரும் படிக்கிறார்கள். எந்தச் சரிவுக்குப் போகக்கூடாது என்பதை அடிவாரத்திலேயே முடிவு செய்கிறார்கள். புதிதாக வந்தவர் வேண்டாம் என்றாலும் திரும்பவேண்டும். போகலாம் என்று முடிவானாலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் சரிவில் இறங்குவார். மற்றவர்கள் பத்திரமான இடத்தில் நின்று, அவர் அக்கரை சேரும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.