இருக்கைச் சொற்களும் வரலாறும்

இன்று படுக்கையைச் சுட்டும் 'கட்டில்' என்னுஞ் சொல், சங்ககாலத்தில் அரசிருக்கையையும் உணர்த்திற்று. முரசு வைக்கும் பீடமும் 'முரசுகட்டில்' எனப்பட்டது. சிங்கந் தாங்கிய ஆசனமாகிய 'அரியணை' அரசனுக்கே உரியது. 'நாற்காலி' காலின் எண்ணாற் பெற்ற பெயர். அதனை ஈழத்தவர் 'கதிரை' என்பர். ஒருவர் சாய்ந்திருப்பது கதிரை. பலர் ஒருங்கிருக்கும் நீண்ட பலகை 'வாங்கு'.

கதிரையும் வாங்கும் முறையே 'கதெய்ரா', 'பாங்கோ' என்னும் போர்த்துக்கேயச் சொற்களின் வழிவந்தவை. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி, 1658இல் ஒல்லாந்தரிடம் இழந்தனர். ஆங்கு அவர்தம் ஆட்சி நாற்பதாண்டும் நிலைத்திலது. அவர் தந்த சொற்களோ இன்றும் வீடுதோறும் வழங்குகின்றன. இவற்றை அயற்சொல்லென விலக்குவோர், எழுதப்படாத வரலாற்றுச் சான்றினையே விலக்குவோராவர்.