யாழ் முதல் கார்பன் இழை ஹார்ப் வரை: நரம்பிசைக் கருவிகளின் மூலப்பொருள்

நரம்பிசைக் கருவி ஒன்றின் குரலையும் எடையையும் ஆயுளையும் முடிவு செய்வது அதன் உடல் எந்தப் பொருளால் ஆனது என்பதே. கோலாலம்பூரில் இரண்டு நரம்பிசை மரபுகள் அருகருகே வாழ்கின்றன. இரட்டைக் கோபுரத்தின் அடியில் உள்ள பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் அரங்கில், 1998 முதல் மேடையேறிவரும் மலேசிய பில்ஹார்மோனிக் இசைக்குழுவில் ஹார்ப் ஒலிக்கிறது. சில கிலோமீட்டர் தள்ளி, பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் பிள்ளைகள் வீணை பயில்கிறார்கள். சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981இல் நிறுவிய நுண்கலை ஆலயம் (டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்) இங்குதான் இயங்குகிறது. ஹார்ப்பும் வீணையும் வெவ்வேறு நாட்டு மரங்களில் பிறந்தவை. இரண்டுக்கும் இங்கே பொதுவான எதிரி ஈரப்பதம்.

யாழின் மரமும் நாரும்

தமிழரின் ஹார்ப் யாழ். அதன் செய்பொருள்களைச் சங்க இலக்கியமே பதிவு செய்திருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆயன், உள்ளீடற்ற குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரை முறுக்கி நரம்பாகக் கட்டிக்கொள்கிறான். பாணர்களின் யாழோ தோல் போர்த்த பத்தர், அதாவது ஒலிக்குடம், உடையது. பேரியாழுக்கு 21, சகோட யாழுக்கு 14, செங்கோட்டி யாழுக்கு 7 நரம்புகள் என்பது உரைமரபு. வில்போல் வளைந்த இக்கருவிக்கு முன்தூண் கிடையாது. அதனால் நரம்புகளை ஓரளவுக்கு மேல் இறுக்க முடியாது. குறைந்த இழுவிசையைத் தாங்க எடை குறைந்த மரமே போதுமானதாக இருந்தது.

இடைக்காலத்தில் யாழ் வழக்கொழிந்தது. இலங்கையின் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் பல்லாண்டு ஆராய்ந்து எழுதிய ‘யாழ் நூல்’ 1947இல் வெளிவந்தது. யாழின் நெருங்கிய உறவினரான சவுங் மியன்மாரில் இன்றும் வாசிக்கப்படுகிறது. படாக் மரத்தில் குடைந்த உடலின்மேல் மான்தோல் போர்த்திச் செய்யப்படும் அதில், பட்டு நரம்புகள் இருந்த இடத்தை நைலான் பிடித்துவிட்டது.

தூண் வந்த பிறகு

ஐரோப்பிய ஹார்ப்புக்குத் தூண் வந்ததும் இழுவிசை ஏறியது. செபாஸ்டியன் எரார் 1810இல் இருநிலை மிதிகட்டை ஹார்ப்புக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய கச்சேரி ஹார்ப்பின் 47 நரம்புகளும் சேர்ந்து ஏறத்தாழ 900 கிலோ விசையுடன் ஒலிப்பலகையை மேல்நோக்கி இழுக்கின்றன. அந்தப் பலகை குளிர்நாட்டு ஸ்புரூஸ் மரத்தால் ஆனது; இழையோட்டத்தின் திசையில் விறைப்பும் குறைந்த எடையும் ஒருங்கே அமைந்தது. ஆண்டுகள் போகப் போக அது புடைக்கிறது; ஒருநாள் மாற்றவும் வேண்டியிருக்கிறது.

பலாவும் பித்தளையும்

24 மெட்டுகள் கொண்ட வீணையின் இன்றைய வடிவத்தை, 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கரின் காலத்தோடு இணைத்துச் சொல்வது மரபு. குடமும் தண்டியும் பலா மரம். ஒரே மரத்துண்டில் குடைந்தால் அது ஏகாண்ட வீணை. தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

வீணையின் குரல் முழுவதும் பலாவிலிருந்து வருவதன்று. தந்திகளைத் தாங்கும் குதிரையின்மேல் பதித்த வளைந்த உலோகத் தகட்டைத் தந்தி உரசி அதிர்வதால்தான் அந்தச் செழுமையான மேற்சுரங்கள் பிறக்கின்றன. சி.வி. ராமன் 1921இல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்கியது. உடலை மாற்றினாலும் வீணை அடையாளம் தெரியும்படி ஒலிப்பதற்கு இது முக்கியக் காரணம். மாற்றம் முன்பே தொடங்கியும்விட்டது. தண்டியின் கீழ் இருந்த சுரைக்காய்க்குப் பதில் காகிதக்கூழும் கண்ணாடியிழையும் வந்து பல காலமாகிறது. மிருதங்கத்திலும் பெங்களூரைச் சேர்ந்த கே. வரதரங்கன், கண்ணாடியிழைக் கட்டையும் செயற்கைத் தோலும் கொண்ட வடிவத்தை உருவாக்கினார்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் காற்று

கோலாலம்பூர் அமைந்த இப்பள்ளத்தாக்கில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. அந்தக் காற்றில் மரம் தன் எடையில் சுமார் 16 விழுக்காடு அளவுக்கு நீரை ஏற்கும். குளிரூட்டிய அரங்கில் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்கு இறங்கினால் மரத்திலுள்ள நீரின் அளவு 9 விழுக்காட்டுக்கு வரும். மரம் நீளவாக்கில் அவ்வளவாக அசையாது. குறுக்குவாக்கில்தான் பருத்துச் சுருங்கும். கிள்ளானில் ஒரு வீட்டுக் கூடத்திலிருந்து குளிரூட்டிய மண்டபத்துக்கும், அங்கிருந்து திறந்தவெளிக் கோயில் திருவிழாவுக்கும் போய்வரும் வீணையின் ஒட்டுகள் இந்த ஏற்றத்தாழ்வில்தான் விடுகின்றன. வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தாலோ மெட்டுகளைத் தாங்கும் மெழுகு இளகும். பிறகு மேளம் கட்டும், அதாவது மெட்டுகளை மீண்டும் மெழுகில் பதித்துத் தரும், கைவினைஞரைத் தேடிப் போக வேண்டும்.

கார்பன் இழை

வலிமைமிக்க கார்பன் இழையின் கதை 1958இல் அமெரிக்காவின் யூனியன் கார்பைடு நிறுவனத்தில் ரோஜர் பேக்கன் செய்த சோதனைகளிலிருந்து தொடங்குகிறது. ஜப்பானின் அகியோ ஷிண்டோ அதை வளர்த்தெடுத்தார். பிசினில் தோய்த்து இறுக்கிய இந்த இழை காற்றின் ஈரத்துக்கு அசைந்து கொடுப்பதில்லை. விமானத் தொழில் அதை முதலில் அணைத்துக்கொண்டது. சிலாங்கூரின் சுபாங்கிலேயே ஏர்பஸ் ஏ320 விமான இறக்கைகளுக்கான கூட்டுப்பொருள் பாகங்கள் செய்யப்படுகின்றன. பாஸ்டன் சிம்பொனியின் செல்லோ கலைஞர் லூயிஸ் லெகுயா, தன் பாய்மரப் படகின் உடல் எழுப்பிய ஒலியைக் கேட்டு கார்பன் இழைச் செல்லோவை உருவாக்கினார். ஹார்ப் தொழிலிலும் முதுகில் சுமக்கத்தக்க கார்பன் இழைக் கருவிகள் வந்தன.

ஒலிப்பலகையில்தான் சிக்கல். கார்பன் கூட்டுப்பொருளின் அடர்த்தி ஸ்புரூஸை விட மும்மடங்குக்கும் அதிகம். ஆகவே பலகையை மிக மெல்லியதாகச் செய்ய வேண்டும், அல்லது நடுவில் இலேசான பொருளை வைத்து அடுக்க வேண்டும். மரம் தன்னுள் இயல்பாக அடக்கிக்கொள்ளும் கூர்மையான அதிர்வுகளையும் செய்முறையிலேயே திட்டமிட்டுத் தணிக்க வேண்டும்.

தேர்வு

ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அரங்கும் தேர்ந்த பராமரிப்பும் உள்ள இடத்தில் ஸ்புரூஸும் பலாவும் இன்றும் முதலிடத்தில் நிற்கின்றன. வகுப்பறை, பயணம், திறந்தவெளி மேடை ஆகியவற்றுக்குச் செயற்கை இழைக் கருவியே பொருத்தமானது; அதை வாங்குவது மரபுக்குச் செய்யும் குறையாகாது. மர வீணையை வைத்திருப்போர் ஓர் ஈரப்பதமானியை வாங்கி உறைக்குள் வைத்து, அளவை 50 முதல் 60 விழுக்காட்டுக்குள் நிறுத்த முயல வேண்டும். புதிதாக வாங்குவோர், கருவி நாள்தோறும் எந்த அறையில் இருக்கப்போகிறது என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு, பிறகு மரமா இழையா என்று முடிவெடுக்கட்டும்.