பழைய கடைசல் இயந்திரமும் பழகிய கையும்

அச்சகங்களின் இரைச்சலுக்குள் அரை ஆயுளைக் கழித்தவன் நான். ஆகவே, நொட்டிங்ஹாமில் எனது மகளின் அயல்வீட்டுப் பெண்மணி, காலஞ்சென்ற தமது கணவரின் கடைசல் இயந்திரத்தை விற்கப்போவதாகக் கூறியபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. என்னிடமுள்ள சிறிய கை அச்சியந்திரத்தின் மை உருளைகளுக்குப் புதிய தண்டுகள் தேவைப்பட்டன. "இந்த வயதில் உங்களுக்கு லேத் எதற்கு அப்பா?" என்றாள் மகள்.

அது மைபோர்ட் எம்.எல்.7. நொட்டிங்ஹாமை அடுத்துள்ள பீஸ்டனில் 1946ஆம் ஆண்டு அறிமுகமாகி, வீட்டுப் பட்டறைகளில் நிலைபெற்ற இயந்திரம். அந்தத் தொழிற்சாலை 2011இல் மூடப்பட்டுவிட்டது.

இத்தகைய இயந்திரம் வீட்டுக்குள் வந்த கதை ஹென்றி மோட்ஸ்லியிடம் தொடங்குகிறது. பூட்டுகளுக்குப் புகழ்பெற்ற ஜோசப் பிராமாவிடம் பணியாற்றிய அவர், வாரத்திற்கு 30 சிலிங் ஊதியத்தை உயர்த்த முதலாளி மறுத்தமையால், 1797இல் விலகி, இலண்டனில் சொந்தப் பட்டறை திறந்தார். அக்காலத்தில் கடைசல்காரர் பெரும்பாலும் உளியைக் கையாற் பிடித்தே உலோகத்தைக் கடைந்தனர். ஓர் ஆணிக்கு அமைந்த சுரை மற்றோர் ஆணிக்குப் பொருந்தாது. உளியைத் தாங்கும் சறுக்குப் பலகையை மோட்ஸ்லி முதலில் கண்டுபிடித்தார் என்பது சரியன்று. பிரான்சில் வோக்கன்சன் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே அதனை அமைத்திருந்தார். நேரான உலோகப் படுகை, சறுக்குப் பலகை, அதனை நகர்த்தும் நீண்ட திருகாணி, மாற்றத்தக்க பற்சக்கரங்கள் ஆகியவற்றை ஒன்றிணைத்துச் செம்மையாக்கியதே மோட்ஸ்லியின் சாதனை. அவரது பட்டறையில் தொழில் பயின்ற ஜோசப் விட்வர்த் 1841இல் திருகாணிகளுக்குப் பொது அளவை முன்மொழிந்தார்.

சுருங்கக் கூறின், கையிலிருந்த நுட்பம் இரும்புப் படுகைக்கு மாற்றப்பட்டது. படுகை தேய்ந்தால் அந்த நுட்பமும் தேய்ந்துவிடும். பழைய இயந்திரம் வாங்குவோர் மறக்கக்கூடாத உண்மை இது.

ஓய்வுபெற்ற கடைசல்காரர் ஒருவரை அழைத்துச் சென்றேன். பளபளப்பையோ வர்ணத்தையோ அவர் பார்க்கவில்லை. வேலைத்துண்டைப் பற்றும் 'சக்'கின் அருகே, உளிதாங்கியை ஆட்டமின்றி நகருமாறு இறுக்கினார். பின்னர் அதனை மறுமுனை நோக்கி நகர்த்தினார். பாதி வழியில் இறுகி நின்றுவிட்டது. "பாருங்கள், அதிகம் வேலை நடந்த இந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது" என்றார். எனது தண்டு ஓரடி நீளம். முழு நீளத்துக்கும் ஒரே தடிப்பாய் இருக்கவேண்டும். படுகையை மீளச் சமப்படுத்தும் செலவோ இயந்திரத்தின் விலையை மிஞ்சும் என்றார்.

கொழும்பில் ஒரு நள்ளிரவு நினைவுக்கு வந்தது. உருளைத் தண்டு முறிந்து எமது அச்சியந்திரம் நின்றுபோயிற்று. பஞ்சிகாவத்தையிலிருந்த கடைசல்காரர் ஒருவரை உறக்கத்திலிருந்து எழுப்பினோம். விடியுமுன் புதிய தண்டு கிடைத்தது, பத்திரிகையும் வெளிவந்தது. அவரது இயந்திரம் இதைவிடத் தேய்ந்தது. ஆனால், எந்த இடத்தில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை அவரது கை அறிந்திருந்தது. இயந்திரம் இழந்த நுட்பத்தை மனிதர் ஈடுசெய்தார்.

அந்தக் கை என்னிடம் இல்லை. அதனைப் பழக்கிக்கொள்ள வயதும் போதாது. நான் வாங்கவில்லை. எனது தண்டுகளை அந்த ஓய்வுபெற்ற பெரியவரே தமது இயந்திரத்தில் கடைந்து தந்தார். மைபோர்ட்டை அடுத்த தெரு இளைஞன் ஒருவன் வாங்கிச் சென்றான். தேய்மானம் பற்றி அவனிடம் சொன்னேன். "தெரியும், பழகிக்கொள்வேன்" என்றான். அவனுக்குக் காலம் இருக்கிறது.